மூன்றாம் நாடாவின் மறுபக்கம்

பொன்னுதுரைக்கு டேப் ரெக்கார்டரில் நாடா மாட்டக் கற்றுக்கொடுத்தது நான்தான். சிவப்புப் பொத்தானை யோசிக்காமல் அழுத்தச் சொல்லித் திட்டியதும் நான்தான். ஆகவே நடந்ததற்கு வேறு யாரையும் நொந்து பயனில்லை. நொந்துகொள்ள வேண்டியதையெல்லாம் ஆறு மாதம் அவனையே நொந்து தீர்த்துவிட்டேன்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து மூன்றாவது வருடம். எனக்கு இருபத்து நான்கு வயது. காலையில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு வேலை, மாலையில் மலாக்காவின் கஜா பெராங் வாசகர் சங்கம். சங்கம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். சைக்கிள் கடைக்கு மேலே ஒரு நீள அறை, நான்கு அலமாரி, ஒரு மின்விசிறி, ஒரு தட்டச்சுப் பொறி, அப்புறம் அந்த டேப் ரெக்கார்டர். ஊரைவிட்டுப் போன வெள்ளைக்காரர் ஒருவர் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனது. தூக்க இரண்டு ஆள் வேண்டும். செயலாளர் ராஜரத்தினம் சார் அதைத் தொடமாட்டார். "அஞ்சலை, அது ஒங்க டிப்பார்ட்மெண்ட்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொள்வார்.

ஆனால் வகுப்பு யோசனை அவருடையதுதான். பல்கலைக்கழகம் கோலாலம்பூரில் திறந்த முதல் வருடம் இங்கிருந்து மூன்று பேர் போனார்கள். ஒருவன் நூலகத்தில் புத்தகப் பட்டியல் அட்டைகள் வைத்த பெட்டிகள் வரிசையாக இருப்பதைப் பார்த்து, அவற்றைத் திறக்க யாரிடம் அனுமதி கேட்பதென்று தெரியாமல் ஒரு மாதம் புத்தகமே எடுக்கவில்லை. இன்னொருவன் மைக்ரோபோனைக் கையில் கொடுத்ததும் ஹலோ என்று சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தான். விடுமுறைக்கு வந்தபோது இதையெல்லாம் அவர்களே சொல்லிச் சிரித்தார்கள். சிரிப்புக்குள் இருந்த அவமானம் சாருக்குத் தெரிந்தது. அடுத்த வருடம் போகிறவர்களுக்கு, போவதற்கு முன் ஒரு மாதம் எல்லாவற்றையும் தொட்டுப் பழகக் கொடுப்பதென்று முடிவு செய்தார். கற்றுக்கொடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது.

எனக்கு அது பிடித்தும் இருந்தது. செருப்புக்கடைச் சப்பாத்துப் பெட்டிகளில் அட்டைகளை அடுக்கி நூலகப் பெட்டி செய்தேன். முதல் நாளே, "மெஷின் ஒங்கள கடிக்காது. நான்தான் கடிப்பேன்" என்று சொல்லிவிட்டேன். உள்ளதைச் சொன்னால், அந்த ஒரு மாதம் நானும் போகப்போகிறவள் மாதிரி நடமாடிக்கொண்டிருந்தேன். எனக்கும் ஒரு வருடம் இடம் கிடைத்திருந்தது, அப்போது பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்தது. அம்மா படுக்கையில் விழுந்த வருடம் அது. அம்மா குணமாகிவிட்டார். இடம் போய்விட்டது.

ஒவ்வொரு நாடாவுக்கும் இரண்டு பக்கம் உண்டு. முதல் பக்கம் ஓடி முடிந்ததும் சுருளைக் கழற்றித் திருப்பி மாட்டினால் மறுபக்கம். எங்கள் வழக்கப்படி முதல் பக்கத்தில் பாடம் இருக்கும். மறுபக்கம் வெறுமையாக இருக்கும், மாணவர் தன் குரலைப் பதிந்து பழக. சிவப்புப் பொத்தானை அழுத்தினால் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும் என்று நான் சொல்லிவிட்டதால் எல்லாரும் அதற்குப் பயந்தார்கள். முதலில் ஓடவிட்டுக் கேட்பார்கள். ஒன்றும் இல்லை என்று உறுதியானதும் திரும்பச் சுற்றுவார்கள். மறுபடி சந்தேகம் வரும். அதற்குள் வகுப்பு முடிந்துவிடும். எனக்கோ பொறுமை கிடையாது. "மறுபக்கத்துல ஒண்ணும் இல்ல. கேட்டுப் பாத்து நேரத்த வீணாக்காதீங்க. செவப்ப அழுத்துங்க, பேசுங்க" என்று சட்டம் போட்டேன். அதை அப்படியே கடைப்பிடித்தவன் பொன்னுதுரை ஒருவன்தான்.

அவன் எங்கள் வீட்டுக்கு நான்கு தெரு தள்ளி இருந்தான். மலாக்காச் செட்டிக் குடும்பம். பல நூறு வருடத்துக்கு முன் கடல் தாண்டி வந்து இந்த ஊரோடு கலந்துபோன ஜனங்கள். கோயில், விபூதி, பெயர் எல்லாம் நம்முடையது, வீட்டில் பேசுவது அவர்களுக்கென்று ஒரு மலாய். பொன்னுதுரைக்கு வரலாறு படிக்க இடம் கிடைத்திருந்தது. கூடவே தமிழும் ஒரு பாடமாக எடுக்கப்போவதாகச் சொன்னான். தமிழில் அவனுக்குத் தெரிந்தது பத்து வார்த்தை, அதில் நான்கு சாப்பாட்டுச் சாமான்.

"என் பேர் தமிழ், சாமி தமிழ். நாக்கு மட்டும் மலாய். இந்த மெஷினை வெச்சு நாக்க சரி பண்ண முடியுமா, மிஸ்?" என்று கேட்டான். அதைக்கூட மலாயில்தான் கேட்டான்.

என்னைவிட ஒரு வயது இளையவனாக இருக்கலாம், அல்லது என் வயதுதான். என்னை மிஸ் என்றே கூப்பிட்டான். வகுப்பு முடிந்து மற்றவர்கள் போனபிறகு அரைமணி நேரம் அவனுக்காக நாடாவில் தமிழ் பேசினேன். நான் ஒரு வாக்கியம் சொல்வேன், திருப்பிச் சொல்ல இடைவெளி விடுவேன், பிறகு அடுத்தது. "இது மேசை. மேசை மேல் புத்தகம் இருக்கிறது." அவன் எதிரில் உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைப்பான். அது எனக்குச் சிரிப்பு மூட்டும். சிரிப்பை மறைக்க, ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னும் அலுத்துக்கொள்வதுபோல் "ம், அடுத்தது" என்பேன். அதெல்லாமும் பதிவாகியது. கீழே சைக்கிள் மணி, தெருவில் ரொட்டிக்காரன் ஹார்ன், ஒரு தடவை தெங்கேராப் பக்கமிருந்து வந்த இடி, எல்லாம் என் தமிழோடு சேர்ந்து நாடாவில் ஏறின. நான்கு நாடா நிறைந்தது.

ஒரு நாள் மழை விடட்டும் என்று மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தோம். போன வருடம் போனவர்கள் அங்கே என்ன பார்த்தார்கள் என்று ஓயாமல் சொல்வார்கள், யாரும் சத்தத்தைச் சொல்வதில்லை என்றேன்.

"என்ன சத்தம்?"

"அந்த லைப்ரரிக்குள்ள என்ன சத்தம் கேக்கும்? லெக்சர் முடிஞ்சு எல்லாரும் எழுந்தா எப்படி இருக்கும்? போட்டோ பாத்துட்டேன். போட்டோல ஒண்ணும் கேக்கல."

அவன் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு வெட்கமாகிவிட்டது. குடை இல்லாமலே இறங்கி வீட்டுக்கு ஓடினேன். ஓடும்போதுதான் எனக்கே தெரிந்தது. இவனை எனக்குப் பிடித்திருக்கிறது. இவன் போகப்போகிறான். நாடா மாட்டவும், அட்டையைத் தேடவும், மைக்ரோபோன் முன்னால் கூசாமல் பேசவும் பழக்கி, நானே இவனை அனுப்பிவைக்கப்போகிறேன்.

நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திட்டத்தான் வாய் வரும். அவன் கிளம்புவதற்கு முந்தைய நாள், சங்கத்தில் யாரும் இல்லாத மத்தியான நேரத்தில், மூன்றாம் நாடாவைத் திருப்பி மாட்டி, சிவப்பை அழுத்தினேன். இருபது நிமிடம் பேசினேன். அதில் பத்தொன்பது நிமிடம் திட்டு. ழகரத்துக்குத் திட்டினேன், தலைமுடியை வெட்டாததற்குத் திட்டினேன், கோலாலம்பூரில் கண்டதையும் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளப் போவதற்கு முன்கூட்டியே திட்டினேன். கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தேன். உங்களை எனக்குப் பிடித்திருக்கிறது. உங்களுக்கும் அப்படி இருந்தால் இந்த நாடாவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். சங்கத்துக்கு நான் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். திருப்பி அனுப்பிவிட்டால், மனசில் ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொள்வேன்.

சங்கத்து நாடாக்களைக் கேட்டு முடித்ததும் திருப்பி அனுப்புவதாகப் பேச்சு. அவன் நான்கையும் துணிப்பையில் வாங்கிக்கொண்டான். மூன்றாவதை மட்டும் வரிசை மாற்றிக் கடைசியாக வைத்தேன். அவன் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் அவன் அம்மா எங்கள் வீட்டுக்கு ஒரு மங்கோக் நிறையப் பலகாரம் கொடுத்தனுப்பினார். மூடிபோட்ட பச்சை எனாமல் கிண்ணம், பச்சைப்பயறு போட்டுச் செய்த கூவே. மகனுக்குச் சொல்லிக்கொடுத்ததற்கு நன்றி. அவர்கள் வீட்டிலும் சரி, எங்கள் வீட்டிலும் சரி, வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவதில்லை. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம். உள்ளே என்ன இருக்கிறது என்று வாசலில் நின்று சொல்வதும் கிடையாது. வாங்கியவர்கள் உள்ளே போய் மூடியைத் திறந்து பார்த்துக்கொள்வார்கள். தீபாவளிக்கு அதிரசம் சுட்டு இந்த மங்கோக்கை நிரப்பிக் கொடுக்க வேண்டும் என்று எடுத்து வைத்தேன். அதற்குள் நாடாவைப் பற்றித் தெரிந்துவிடும், அவன் அம்மா முன்னால் வேறு மாதிரி போய் நிற்கலாம் என்று என்னென்னவோ நினைப்பு.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது தபாலில் பொட்டலம் வந்தது. பிரித்தேன். நான்கு நாடா. எண்ணிப் பார்த்தேன், மறுபடி எண்ணினேன், நான்குதான். மூன்றாவது இரண்டாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. கூட ஒரு தாள். அதில் முதல் வகுப்புப் பிள்ளை எழுத்தில் 'நன்றி' என்று மட்டும் இருந்தது.

ராஜரத்தினம் சார் தாளை வாங்கிப் பார்த்து, "பரவால்லயே, தமிழ்ல எழுதிட்டானே" என்றார். நான் ஆமாம் என்றேன். நாடாக்களை அலமாரியின் கீழ்த்தட்டில், பழைய ஆண்டு மலர்களுக்குப் பின்னால் தள்ளினேன். வீட்டுக்கு வந்து மங்கோக்கை அலமாரி உச்சிக்கு ஏற்றினேன். அந்தத் தீபாவளிக்கு அதிரசம் சுட்டேன். அதைக் கொண்டுபோய்க் கொடுக்க மட்டும் என்னால் முடியவில்லை. மகன் எனக்கு நன்றி சொல்லிவிட்டான், அம்மாவுக்கு நான் எந்த முகத்தோடு பலகாரம் கொடுப்பது என்று ஒரு வீம்பு. அழுதேனா என்று கேட்டால், அழுதேன். துணி துவைக்கும்போது அழுதால் யாரும் கேட்க மாட்டார்கள்.

டிசம்பர் விடுமுறையில் அவன் வந்தான். நேராகச் சங்கத்துக்கு மாடி ஏறி வந்து நின்றான். தலைமுடி வெட்டியிருந்தான்.

"டேப் எல்லாம் வந்து சேந்துச்சா, மிஸ்?"

தமிழில் கேட்டான். சுத்தமான தமிழ். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது, ஏனென்றால் அது என் தமிழ். வார்த்தையை எங்கே இழுப்பேன், எங்கே வெட்டுவேன், எல்லாம் அப்படியே இருந்தது.

"வந்துச்சு. எடுத்து வெச்சாச்சு."

"கேட்டுப் பாத்தீங்களா?"

கிண்டல் செய்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். நான் பேசியதை நானே கேட்டுப்பார்த்து வெட்கப்பட்டேனா என்று கேட்கிறானாம். அப்படிப்பட்டவன் இல்லை என்று மனசின் ஒரு மூலைக்குத் தெரியும், ஆனால் கோபம் வந்தால் நான் அந்த மூலைக்குப் போவதில்லை.

"சங்கத்துல எனக்கு வேற வேல இருக்கு."

"சரி, மிஸ். பரவால்ல" என்றான். பிறகு, போகட்டுமா என்பதுபோல் பார்த்தான். நான் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன், ஏற்கெனவே அடுக்கிய அட்டைகளை. அவன் படி இறங்கும் சத்தத்தை எண்ணினேன். பதினேழு படி. பதினோராவதில் ஒரு தடவை நின்றது, அப்புறம் இறங்கிவிட்டது.

அவன் திரும்பிப் போனபிறகு அந்த வருடத்து மழை ஓய்ந்தது, பொங்கல் வந்தது, போனது. ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் துணி எடுக்கப் போனால் அவன் அம்மா எதிரில் வந்துவிடுவாரோ என்று பயந்து நடப்பேன். ஒருமுறை வந்தும்விட்டார். என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன். அந்தப் பக்கம் பஸ்ஸே போகாது.

ஏப்ரலில் புது வகுப்பு தொடங்கியது. ஐந்து பேர். அதில் ஒருத்தி மெய்யம்மை, செட்டிநாட்டுக் குடும்பத்துப் பெண், பல்கலைக்கழகத்துக்குப் போகும் முதல் பெண் அவர்கள் வீட்டில். கணக்குப் போடும் ஸ்லைடு ரூல் ஒரே நாளில் கைக்கு வந்துவிட்டது. தட்டச்சிலும் தப்பு கிடையாது. டேப் ரெக்கார்டர் முன்னால் மட்டும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

"அழிஞ்சு போச்சுன்னா என்ன செய்றது, மிஸ்?"

"அழியறதுக்கு அங்க என்ன இருக்கு?"

பழகுவதற்கு ஆளுக்கொரு நாடா வேண்டியிருந்தது. ஒன்று குறைந்தது. கீழ்த்தட்டிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. கையை விட்டேன், வந்தது மூன்றாவது. வரட்டுமே என்று நினைத்தேன். இந்தப் பெண் 'என் பெயர் மெய்யம்மை' என்று பேசிப் பதியட்டும், என் திட்டும் கெஞ்சலும் அழியட்டும், ஒரு தொல்லை விட்டது. மறுபக்கம் திருப்பி அவள் எதிரில் மாட்டினேன்.

"செவப்ப அழுத்துங்க, பேசுங்க."

"ஒரு நிமிஷம் கேட்டுப் பாத்துடறேனே, மிஸ்."

"கேக்க ஒண்ணும் இல்ல. நான்தான் சொல்றேனே. அழுத்துங்க."

மெய்யம்மை என்னைப் பார்த்தாள், பொத்தானைப் பார்த்தாள், என் பேச்சை மீறி ஓடவிட்டாள். என் வகுப்பில் முகத்துக்கு நேரே என் சட்டத்தை மீறிய முதல் ஆள். திட்ட வாயைத் திறந்தேன். என் குரல் வரப்போகிறதே என்ற பயமும் அப்போதுதான் வந்தது, நிறுத்தக் கையை நீட்டினேன்.

வந்தது என் குரல் இல்லை.

"மிஸ், இது பொன்னுதுரை பேசுறேன். மறுபக்கத்துல ஒண்ணும் இருக்காதுன்னு சொல்லியிருக்கீங்க. வெறும் பக்கமா திருப்பி அனுப்ப மனசு வரல. எங்க வீட்ல அப்படி அனுப்புறதில்ல. அதனால இதுல கொஞ்சம் போட்டு அனுப்புறேன். ம், அடுத்தது."

பிள்ளைகள் சிரித்தார்கள். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

"நீங்க ஒரு நாள் சத்தம் கேட்டீங்க. இங்க மெஷின் ரூம்ல கெஞ்சிக் கேட்டு மெஷினை வாங்கினோம். மூணு பேர் சேந்து தூக்கிட்டு வந்தோம். இப்ப லைப்ரரி. இது அட்டைப் பெட்டி." தடக் என்று ஒரு இழுப்பறை திறந்தது. அட்டைகள் விரலில் சரசரத்தன. "நீங்க செஞ்ச சப்பாத்துப் பெட்டி இதவிட நல்லா திறக்கும். ம், அடுத்தது. இங்க சத்தம் போடக் கூடாது. அதனால சத்தம் இல்லாதத எடுக்கிறேன். கேளுங்க."

நாடாவுக்குள் எங்கோ ஒரு நாற்காலி நகர்ந்தது. ஒருவர் பக்கம் திருப்பினார். மேலே மின்விசிறி. ஒரு நிமிடம் நான் அந்த நூலகத்துக்குள் இருந்தேன். சிங்கப்பூருக்குப் போகாத நான், கோலாலம்பூருக்கும் போகாத நான், அங்கே உட்கார்ந்திருந்தேன். பிறகு பெரிய அறை ஒன்றில் நூறு நாற்காலி ஒரே நேரத்தில் மடங்கும் சத்தம், காலடிகள், யாரோ யாரையோ கூப்பிடுவது, தகரக் கூரையில் மழை, பஸ்ஸின் மணி. ஒவ்வொன்றுக்கும் முன்னால் அது என்ன சத்தம் என்று சொன்னான், பின்னால் "ம், அடுத்தது" என்றான். அவன் வகுப்பிலும் இப்படியே சொல்லி, விரிவுரையாளர் வயிறு குலுங்கச் சிரித்தாராம். தமிழில் வாக்கியம் முடிவதே அப்படித்தான் என்று முதல் மாதம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தானாம்.

"நாலாவது டேப்ல, மேசை பாடத்துக்கு நடுவுல, ரொட்டிக்காரன் ஹார்ன் ஒண்ணு வருது. அந்த இடத்த மட்டும் திரும்பத் திரும்பப் போடுவேன். ஹார்னுக்காகன்னு முதல்ல நினைச்சேன். ஹார்னுக்கு அப்புறம் நீங்க சிரிக்கிறீங்க. அதுக்காகத்தான்."

மெய்யம்மை எழுந்தாள். "எல்லாரும் வாங்க, கீழ போய் தேத்தண்ணி குடிச்சிட்டு வருவோம்" என்று மற்ற நால்வரையும் அழைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். கதவைச் சாத்திவிட்டும் போனாள்.

"அஞ்சலை" என்றான் நாடாவில். முதல் தடவையாகப் பெயர் சொன்னான். "தமிழ்ல பேர் சொல்லிக் கூப்பிடணும்னா முதல்ல கேக்கணுமாம். கேக்காம கூப்பிட்டுட்டேன். எனக்கு ஒங்களப் பிடிச்சிருக்கு. லெட்டர் போடச் சொல்லல. ஒங்க வீட்ல பாப்பாங்க, கஷ்டம். எங்க அம்மா மங்கோக் ஒங்க வீட்ல இருக்கு. ஒங்களுக்கும் பிடிச்சிருந்தா, அதுல ஏதாவது போட்டு அம்மாகிட்ட கொடுத்துடுங்க. ஒரு பிடி சீனி போதும். நான் தெரிஞ்சுக்குவேன். அவ்வளவுதான்."

கிளிக் என்றது. அவன் நிறுத்திய இடம். அதற்கு அப்புறம் நாடாவில் மிச்சமிருந்த கொஞ்சத்தில் என் குரல் பாதி வாக்கியத்தில் தொடங்கியது. "...திருப்பி அனுப்பிட்டீங்கன்னா, மனசுல ஒண்ணும் இல்லைன்னு எடுத்துக்குவேன். ம், அடுத்தது." நாடா முடிந்து சுருள் சும்மா சுற்றியது.

பேசி முடித்தபிறகு இன்னும் அரை நிமிடம் ஓடவிட்டிருந்தால் கேட்டிருப்பான். அழுத்துவதற்கு முன் ஒரு நிமிடம் கேட்டுப் பார்த்திருந்தால் கேட்டிருப்பான். கேட்டுப் பார்க்காதீர்கள் என்று சொல்லிக்கொடுத்தவள் நான். டிசம்பரில் படி ஏறி வந்து, கேட்டுப் பார்த்தீர்களா என்று நின்றானே. ஆறு மாதம். அலமாரி உச்சியில் மங்கோக் தூசி பிடித்துக்கொண்டிருந்த ஆறு மாதம்.

சங்கத்து நாடாப் பட்டியலில் மூன்றாவதுக்கு எதிரே 'வகுப்புக்கு ஆகாது' என்று எழுதிவிட்டு, நாடாவை என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். ராஜரத்தினம் சாரிடம் தலைவலி என்றேன். படியடியில் மெய்யம்மை தேநீர்க் கோப்பையோடு நின்றிருந்தாள். "நாளைக்கு எல்லாரும் முதல்ல கேட்டுப் பாத்துட்டே அழுத்தலாம்" என்றேன். அவள் தலையாட்டினாள்.

வீட்டில் நாற்காலி போட்டு ஏறி மங்கோக்கை இறக்கினேன். இரண்டு தடவை கழுவித் துடைத்தேன். அதிரசம் சுடப் பொறுமை இல்லை. சீனி டின்னைக் கவிழ்த்தேன், விளிம்பு வரை வந்தது, மூடி சரியாக உட்காரவில்லை. அம்மா பார்த்துவிட்டு, "வீட்டுக்குக் காப்பிக்கு இல்லையா?" என்றார். நாளைக்கு வாங்கித்தருகிறேன் என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்தேன்.

அவன் அம்மா முன்கூடத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். அவர் பேசுவது மலாய், அதைத் தமிழில் எழுதுகிறேன்; மாச்சிக் என்றால் அத்தை மாதிரி.

"மாச்சிக், மங்கோக் கொண்டுவந்தேன். ரொம்ப நாளாயிருச்சு. மன்னிச்சுக்குங்க."

அவர் வாங்கினார். கனத்தால் கை தாழ்ந்தது. வழக்கத்தை மீறி என் முன்னாலேயே மூடியைத் திறந்து பார்த்தார்.

"இந்த மங்கோக்கால எனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு" என்றார். "ஒவ்வொரு லெட்டர்லயும் கடைசி வரி இதுதான். அஞ்சலை வீட்லருந்து மங்கோக் வந்துச்சாம்மா? அக்டோபர்லருந்து கேக்கிறான். எங்கிட்ட ஒன்பது மங்கோக் இருக்குடா, நீ படிக்கிற வேலைய பாருன்னு எழுதினேன். மறுபடியும் அதே."

"இப்பவும் கேக்கிறாரா?"

"இல்ல. கடைசி ரெண்டு லெட்டர்ல கேக்கல. சரி, மறந்துட்டான்னு நினைச்சேன்."

ஆறு மாதம் கோபப்பட்டபோது வராத வலி அந்த இரண்டு கடிதத்துக்கு வந்தது. மாச்சிக் என் முகத்தைப் பார்த்தார். என்ன புரிந்ததோ, தேங்காய்க் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் ஒரு தாளும் பேனாவும் கொண்டுவந்து வைத்தார். அவர் எழுதத் தொடங்கியிருந்த கடிதம். மேலே மழை, மாமா வீட்டுக் கல்யாணம், பூனை குட்டி போட்டது எல்லாம் ரூமியில், மலாயை ஆங்கில எழுத்தில் எழுதும் முறையில், இருந்தது. கீழே பாதித் தாள் காலி.

"எனக்குக் கை வலிக்குது. மங்கோக் வந்துருச்சுன்னு நீயே எழுது."

உட்கார்ந்தேன். தமிழில் எழுதினேன். 'மங்கோக் வந்துவிட்டது. வெறுமையாக வரவில்லை.' அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. பெயர் போடலாமா என்று யோசித்தேன். அவன் என் தமிழ்க் கையெழுத்தைப் பார்த்ததே இல்லை. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் என் குரல்தான். அதனால் கீழே இன்னும் ஒரு வரி சேர்த்தேன்.

மாச்சிக் தாளைத் திருப்பிப் பார்த்தார். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. கடைசி வரியில் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டார்.

"ம், அடுத்தது" என்றேன்.